லாகில் வந்து நிற்கும் அந்த ஐபி யாருடையது?

வணக்கம் மக்களே. திரையில் இருப்பது என் வீட்டு சர்வரின் லாக், அதாவது யார் எப்போது உள்ளே வர முயன்றார்கள் என்ற பதிவு. ரூட், அட்மின், டெஸ்ட், மறுபடி ரூட் என்ற பயனர் பெயர்களில் ஒரே ஐபி முகவரியிலிருந்து விடிய விடிய லாகின் முயற்சி. பார்த்ததும் எனக்குப் பயங்கரக் கோபம், யார் இது என்று அந்த முகவரியை அப்படியே பிரவுசரில் போட்டேன், கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டியான சிசிடிவி டிவிஆர் ஒன்றின் லாகின் பக்கம் வந்து நின்றது. கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருப்பார்கள், அடித்தால் திறந்துவிடும் என்று தோன்றியது.

அடிக்கவில்லை. அந்தப் பெட்டி என்னைத் தாக்கியது உண்மைதான், ஆனால் அதை வாங்கி மாட்டியவர் தாக்கவில்லையே. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் பரவியது இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான். ஏற்கெனவே ஒருவன் புகுந்துவிட்ட இடம் அது. அங்கே கடையோ வீடோ எதுவென்று எனக்குத் தெரியாது, நானும் புகுந்தால் அங்கே இருப்பவர்களை அவர்களுக்கே தெரியாமல் பார்க்கும் இன்னொரு ஆள் ஆகிவிடுவேன்.

"உள்ளே போய்ச் சரிசெய்து நல்லது செய்யத்தானே போகிறோம்" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி பழையது. 2001 ஆகஸ்டில் வந்த கோட் ரெட் 2 புழு (தானாகவே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவும் தீய நிரல்), தான் பிடித்த விண்டோஸ் சர்வரில் ஒரு பின்கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போகும். அதாவது உங்களைத் தாக்க வரும் சர்வருக்கே நீங்கள் திருப்பி ஆணை கொடுக்கலாம், நிறுத்தலாம். அதைச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த சர்வரில் வேறு என்ன ஓடுகிறது என்று வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 2003இல் இதையே ஒரு புழுவாக எழுதி விட்டார்கள், பெயர் வெல்சியா. பிளாஸ்டர் புழுவை அழித்து, ஓட்டையை அடைக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச்சையும் இறக்கிப் போடும். நோக்கம் நல்லதுதான் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த கம்ப்யூட்டரைத் தேடி அது அனுப்பிய பிங்குகளிலேயே ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்திகள்) நெட்வொர்க்குகள் திணறின, ஏர் கனடாவின் செக்-இன் கவுண்டர்கள் வரை பாதிக்கப்பட்டன.

2021 ஏப்ரலில் எஃப்பிஐ நூற்றுக்கணக்கான எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களில் புகுந்து, ஹேக்கர்கள் விட்டுச்சென்ற பின்கதவு நிரல்களான வெப் ஷெல்களை நீக்கியது, ஆனால் நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு. அதையே எல்லாரும் ஏற்கவில்லை. நம் ஊரில் ஐடி சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைவதையே தவறு என்கிறது, நீங்கள் உதவப் போனீர்களா என்று கேட்பதில்லை.

சரி, எதுவரை போகலாம்? ஒரு ஐபி எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் பார்ப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, அது பொதுப் பதிவு. எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று தட்டிப் பார்க்கும் போர்ட் ஸ்கேன் செய்வதை நான் விட்டுவிட்டேன். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருக்கலாம், யாரைக் குடைகிறோம் என்றே தெரியாது, அப்புறம் அந்தப் பக்கத்து லாகில் தாக்குபவனாக நிற்பது நாம்தான். பிரவுசரில் திறந்து பார்த்தேனே, அதுகூடக் கோபத்தில் செய்தது, இப்போது செய்ய மாட்டேன்.

கடைசியில் ஹூஇஸில் இருந்த அப்யூஸ் (புகார்) முகவரிக்கு மெயில் போட்டேன், லாக் வரிகள், நேரம், இந்திய நேரம் என்ற குறிப்பு எல்லாம் சேர்த்து. பதில் வரவில்லை. ஆறு நாள் கழித்து அந்த ஐபி லாகில் வருவது நின்றது. யாராவது சரிசெய்தார்களா, ஐபி மாறிவிட்டதா என்று பார்க்க அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கவில்லை.