பாட்டி கையில் ஒரு பாங்கோ

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு இசைக்குழுவில் நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 66 பேர் வந்து போனார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு எந்தக் கருவியிலும் தேர்ச்சி கிடையாது. பாடகர் என்று சொல்லிக்கொண்டாலும், பாடியதைவிடப் பேசியதும் முணுமுணுத்ததும் அதட்டியதும்தான் அதிகம். குழுவின் பெயர் தி ஃபால். அந்த ஒருவர் மார்க் ஈ. ஸ்மித். முதல் தடவை கேட்டபோது, இவர் பாடுகிறாரா, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறாரா என்றே எனக்குப் புரியவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச் என்ற பகுதியில் தொடங்கிய கதை இது. ஸ்மித் மான்செஸ்டர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். யூனா பெய்ன்ஸ், மார்ட்டின் பிரமா, டோனி ஃப்ரீல் ஆகிய மூவரும் அவருடைய நண்பர்கள். யூனா மனநல மருத்துவமனையில் செவிலியர். ஒன்றாக உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பதும், எழுதிய கவிதைகளை வாசித்துக் காட்டுவதும்தான் இவர்களுடைய பொழுதுபோக்கு. 1976 கோடையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் இசைக்குழுவினர் மான்செஸ்டருக்கு வந்து வாசித்தார்கள். அதைப் பார்த்ததும், இவ்வளவுதானா, இதை நாமும் செய்யலாமே என்ற துணிச்சல் அந்த ஊர் இளைஞர்கள் பலருக்கு வந்தது. இந்த நால்வருக்கும் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவின் நாவல் ஒன்றின் தலைப்பைக் குழுவுக்கு வைத்தார்கள். 1977 மே மாதம் முதல் மேடை ஏறினார்கள்.

அப்புறம் வரிசையாக ஆள் குறைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃப்ரீல் போய்விட்டார். 1978இல் யூனா, 1979இல் பிரமா. முதல் ஆல்பம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே தொடக்கக்காரர்களில் ஸ்மித் மட்டும்தான் மிச்சம்.

தி ஃபால் என்றாலே எல்லோரும் சொல்வது இந்த வெளியேற்றக் கதைகளைத்தான். சுவையான கதைகள், மறுக்கவில்லை. ஒலிப்பதிவாளர் ஒருவர் சாலட் சாப்பிட்டதற்காக வேலையை இழந்தார் என்றுகூட ஒரு கதை உலவுகிறது. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்மித் போய், கிட்டார்காரரின் ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருகிவிடுவார். வாசிப்பவர் சௌகரியமாகிவிட்டால் இசை செத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நானும் உன் பாட்டியும் மட்டும் இருந்து, பாட்டி பாங்கோ என்ற சின்ன இரட்டை மேளத்தைத் தட்டினாலும் அது தி ஃபால்தான் என்று அவர் சொன்னது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போனவர்களை எண்ணுகிற எல்லோரும், இருந்தவர்களை எண்ண மறந்துவிடுகிறார்கள். ஸ்டீவ் ஹான்லி என்று ஒருவர். பேஸ் கிட்டார். 1979இல் சேர்ந்தவர், 1998 வரை, பத்தொன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கிட்டார் வாசித்த கிரெய்க் ஸ்கேன்லனும் 1979இல் வந்தவர்தான். 1995 வரை இருந்தார். 1982இல் வந்த 'ஹெக்ஸ் எண்டக்‌ஷன் ஹவர்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பகுதியை ஐஸ்லாந்தில் பதிவு செய்தார்கள், மறு பகுதியை ஹிட்சின் என்ற சிற்றூரில் ஒரு திரையரங்கில். இரண்டு டிரம்ஸ் ஒரே சமயத்தில் இடிக்கும். அதற்கு அடியில் ஹான்லியின் பேஸ், உரலில் உலக்கை விழுவதுபோல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். ஸ்மித் என்ன வேண்டுமானாலும் உளறலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். திரும்பி வந்து நிற்க அந்த இடம் இருந்தது. பாட்டியின் பாங்கோவால் அது ஆகிற காரியமா?

1983இல் பிரிக்ஸ் வந்தார். அமெரிக்கப் பெண், ஸ்மித்தை மணந்தவர், கிட்டார் வாசிப்பவர். அந்தக் கரடுமுரடான ஒலிக்குள் கொஞ்சம் மெட்டு நுழைந்தது அவரால்தான். 1987இலும் 1988இலும் இவர்களுடைய பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் போனது. வேடிக்கை, அந்த இரண்டுமே வேறொருவர் முன்பே பாடிய பாட்டுகள். 1988இல் மைக்கேல் கிளார்க்கின் பாலே நடனத்துக்கு மேடையிலேயே இருந்து வாசித்தார்கள். 1989இல் பிரிக்ஸ் மணவாழ்வையும் குழுவையும் விட்டுப் போனார். 1994இல் குழுவுக்கு மட்டும் திரும்பி வந்து இரண்டு ஆண்டு இருந்தார்.

1998 ஏப்ரலில் நியூயார்க்கில் மேடையிலேயே கைகலப்பு. அதன்பின் விடுதியில் நடந்த தகராறில் ஸ்மித் கைதானார். ஹான்லி ஊர் திரும்பினார், பிறகு சேரவே இல்லை. அதே ஆண்டில் ஸ்மித் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினார். 2006இல் அமெரிக்காவில் இன்னொரு கூத்து: சுற்றுப்பயணத்தின் பாதியில் மூன்று பேர் ஒன்றாகக் கிளம்பிவிட்டார்கள். அங்கேயே கிடைத்த அமெரிக்க வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பயணம் தொடர்ந்தது.

வானொலியில் பேசிக்கொண்டு ஜான் பீலைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பிபிசியின் அந்த அறிவிப்பாளருக்கு மிகப் பிடித்த குழு இதுதான். 1978இலிருந்து 2004இல் அவர் இறக்கும்வரை 24 முறை அவருடைய நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் நான்கைந்து பாட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த 24 பதிவுகளையும் வரிசையாகக் கேட்டால் குழுவின் வருகைப்பதிவேட்டைப் புரட்டுவது மாதிரி இருக்கும். எப்போதும் வேறு மாதிரி, எப்போதும் அதே மாதிரி என்று பீல் சொன்னார். அந்த 'அதே மாதிரி'யில் பாதி ஸ்மித்தின் குரல் என்றால், மறு பாதியை அந்த ஒரே இடத்தில் உலக்கை குத்தியவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கடைசிப் பத்து ஆண்டுகளில்தான் குழு மிக நிலையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பீட் கிரீன்வே, டேவ் ஸ்பர், கீரன் மெல்லிங் மூவரும் 2007 வாக்கிலிருந்து கடைசி வரை ஸ்மித்தோடு நின்றார்கள். 2017 நவம்பரில் கிளாஸ்கோவில் கடைசிக் கச்சேரி. ஸ்மித் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார். 2018 ஜனவரி 24 அன்று, அறுபது வயதில் மறைந்தார். குழுவும் அன்றோடு முடிந்தது.

முடிந்ததா, சரி. 2023இல் ஹவுஸ் ஆஃப் ஆல் என்ற பெயரில் ஒரு ஆல்பம் வெளிவந்தது. வாசித்த ஐந்து பேரும் தி ஃபாலின் பழைய ஆட்கள். 1976இல் தொடங்கி வைத்த பிரமா பாடுகிறார். கடைசிவரை இருந்த கிரீன்வே கிட்டார். ஸ்டீவின் தம்பி பால் ஹான்லியும், சைமன் வுல்ஸ்டன்கிராஃப்டும் டிரம்ஸ், ஒன்றுக்கு இரண்டாக. பேஸ் யார் என்று உங்களுக்கே தெரியும்.