மாதம் 25 டாலர் வீட்டுக்கு

நண்பர்களே, 1933 மார்ச் 4 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்றபோது, அங்கே நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. அவர் முதலில் கைவைத்தது அங்கேதான். எல்லா வங்கிகளையும் சில நாட்கள் மூடவைத்தார். மார்ச் 12 இரவு வானொலியில் பேசினார். மெத்தைக்கடியில் வைப்பதைவிட, மறுபடி திறக்கும் வங்கியில் பணத்தை வைப்பது பத்திரம் என்றார். வங்கிகள் திறக்கத் திறக்க, எடுத்த பணத்தைத் திரும்பப் போட மக்கள் வரிசையில் நின்றார்கள்.

சரி, வங்கியில் போட ஒன்றுமே இல்லாதவன் என்ன செய்வான்? நான் பேச வந்தது அவனைப் பற்றித்தான்.

அந்த ஆண்டே இளைஞர் வனப்படை தொடங்கியது. கல்யாணமாகாத, வேலையில்லாத, 18 முதல் 25 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். காட்டில் முகாம், மூன்று வேளைச் சாப்பாடு, போட்டுக்கொள்ளத் துணி, பூட்ஸ். மரம் நடுவதும், காட்டுத்தீயை அணைப்பதும், மண் அரிப்பைத் தடுப்பதும் வேலை. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் 5 டாலர். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். அந்தப் பணம் வந்ததும் அம்மா மளிகைக் கடை பாக்கியை அடைப்பாள். கடைக்காரர் அடுத்த சரக்கு எடுப்பார். ஊரில் காசு புரளும். 9 ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர் இப்படி வேலை பார்த்தார்கள். சுமார் 300 கோடி மரங்கள் நட்டார்கள்.

அப்புறம் 1935இல் வந்த பொதுப்பணித் திட்டம், சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சும்மா பணம் கொடுத்தால் செலவு குறையுமே என்று கேட்டவர்கள் உண்டு. இனாம் கொடுத்தால் உடம்பு பிழைக்கும், மனசு செத்துவிடும் என்பது அதை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

1937இல் நிலைமை தேறிவிட்டது என்று நம்பிச் செலவைக் குறைத்தார்கள். வேலையின்மை மறுபடி ஏறியது. அடுத்த ஆண்டே பணத்தை மீண்டும் இறக்க வேண்டியதாயிற்று.

ஒன்றை மறைக்க மாட்டேன். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்தவை அந்த வேலைகள்தான். 1950இல் சட்டத்தைத் திருத்தும்வரை, ஊரார் வீட்டில் துணி துவைத்த அந்தப் பெண்களுக்கு முதுமைக்கால ஓய்வூதியத்தில் இடமே இல்லை.