ஒரு மணிக்கு விழுந்த பந்து

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் ஹில் ஸ்ட்ரீட் வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு பச்சைக் குன்று தெரியும். ஃபோர்ட் கெனிங். மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான் என்றார்கள். யாரும் ஏறக்கூடாத குன்று என்று பொருள். 1859இல் ஆங்கிலேயர் அதன் உச்சியைச் சமமாக்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1861இல் முடித்தார்கள். சிங்கப்பூர் அப்போது கல்கத்தாவின் ஆட்சிக்குள் இருந்தது. அதனால்தான் இந்திய வைசிராய் கெனிங் பிரபுவின் பெயர்.

கோட்டை என்றால் சண்டை நடந்திருக்க வேண்டுமே என்பீர்கள். எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கடலுக்கும் கோட்டைக்கும் நடுவில் ஊர். கப்பலைச் சுடுவதென்றால் சொந்த ஊரின் கூரைகளுக்கு மேலேதான் சுட வேண்டும்! பீரங்கி வெடித்ததெல்லாம் மணி சொல்லத்தான். விடியற்காலை 5 மணி, பகல் 1 மணி, இரவு 9 மணி. ஊரில் எங்காவது தீப்பிடித்தாலும் வெடிக்கும்.

இனி பந்து. இதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். குன்றின் மேல் ஒரு கம்பம், அதில் ஒரு பெரிய பந்து. பகல் 12.55க்கு மேலே ஏற்றுவார்கள். சரியாக 1 மணிக்கு விழும். துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களில் மாலுமிகள் தொலைநோக்கியோடு அதற்காகவே காத்திருப்பார்கள். பந்து நழுவும் அந்த நொடியில் கப்பல் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள். பீரங்கிச் சத்தம் போதாதா? போதாது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கப்பலுக்கு ஆறு விநாடி தாமதம். நடுக்கடலில் கடிகாரத்தை வைத்துத்தானே கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டார்கள்! பூமத்தியரேகைப் பக்கம் நான்கு விநாடி பிசகினால் ஒரு கடல் மைல் பிசகும். ஆறு விநாடி என்றால் ஒன்றரை மைல். பாறை எந்தப் பக்கம் என்பதற்கு அந்த ஒன்றரை மைல் போதும். கண்ணுக்குத் தாமதம் கிடையாது, அதனால்தான் பந்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1855 முதலே கொடிமரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. 1903இல் 24 மீட்டர் உயர எஃகுக் கோபுரம் எழும்பியது. மண்ணெண்ணெய் விளக்குதான், வெளிச்சம் சுமார் 30 கிலோமீட்டர் போனது. 1907இல் நீர்த்தேக்கத்துக்காகக் கோட்டையை இடித்தார்கள். வாசலும் கொஞ்சம் சுவரும் தப்பின. விளக்கு மட்டும் தொடர்ந்து எரிந்தது. பிறகு உயர்ந்த கட்டடங்கள் அதை மறைத்தன. 1958இல் அணைத்துவிட்டு, ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் உச்சியில் புதிய விளக்கை ஏற்றினார்கள்.

இப்போது மேலே நிற்பது மாதிரிக் கோபுரம். பக்கத்திலேயே பந்தின் மாதிரியும் இருக்கிறது. எல்லோரும் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்களாவது அந்தப் பந்தை ஒரு தடவை... சரி, நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.