ஷட்டர் சாவி மட்டும் என்னிடம்

வணக்கம். இன்றைக்கு வீட்டிலிருந்து பேசவில்லை. தஞ்சாவூருக்கு வெளியே, புது ஆற்றங்கரையில் நிற்கிறேன். வரைபடத்தில் கல்லணைக் கால்வாய் என்று போட்டிருக்கும். மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டிய கால்வாய் இது; அணை 1934இல் முடிந்தது, ஆனாலும் இதற்குப் ‘புது’ என்ற பெயர் போகவில்லை. தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது. இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் மனிதவளப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஒரு தங்கை நேற்று போன் செய்தாள். “அக்கா, எல்லோருக்கும் ஊக்கம் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டாள். விடுப்பு எடுத்து நன்றாகத் தூங்கு, சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நானும் மனிதவளப் பிரிவுதான் (எச்.ஆர்.); ஊழியர்களிடம் பதினொரு வருடமாகச் சொல்லிவரும் அதே சமாளிப்பு அது.

இங்கே வந்தபோது மதகுக்குப் பக்கத்தில் லஸ்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நீர்வளத் துறையில் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவரை லஸ்கர் என்போம். தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும் நாட்களில் என்ன ஆகும் என்று கேட்டேன். “மேல்மடைக்காரர் ஏன் அடைத்தாய் என்பார், கடைமடைக்காரர் ஏன் திறக்கவில்லை என்பார். எத்தனை கன அடி என்பதை மேலே முடிவு செய்கிறார்கள் அம்மா, என்னிடம் சாவி மட்டும்தான் இருக்கிறது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அலுவலக மேசையில் எழுதி ஒட்ட வேண்டிய வரி அது.

போன தீபாவளியைச் சொல்கிறேன். நான் வேலை செய்வது ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். முந்தைய வருடம் போனஸ் 12 சதவீதம் கொடுத்திருந்தோம். அந்த முறை சட்டப்படியான குறைந்தபட்சம், 8.33 சதவீதம், என்று மாலை நான்கு மணிக்கு ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. ஐந்து மணிக்கு நான் அறிவிக்க வேண்டும். ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. என்னைப் ‘பாப்பா’ என்றே கூப்பிட்டுவந்த வார்டு ஆயாம்மா ஒருவர் மறுநாளிலிருந்து ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். சம்பளம் குறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பெருநகரத்தில் இருப்பவர்கள் ஆறு மணிக்குக் கணினியை மூடினால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் பொறுக்கும்போது பி.எஃப். பணம் என்ன ஆயிற்று என்பார்கள். கோயில் தேர் வடம் பிடிக்கும்போது ஷிப்டு மாற்றித் தரச் சொல்வார்கள். இதற்கிடையில் 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கிவிட்டதால், படித்ததையெல்லாம் திரும்பப் படிக்க வேண்டும்.

எங்களுக்காக மருத்துவமனையில் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். மே 20 சர்வதேச மனிதவள நாள். கேக் வெட்டினார்கள். கடைக்குப் போன் செய்து அந்தக் கேக்கைச் சொன்னதும் நான், பில்லைக் கணக்குப் பிரிவில் சேர்த்ததும் நான்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரை எம்.பி.ஏ. படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் 200க்கும் மேற்பட்ட பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து, 1959இல் தன் முடிவை வெளியிட்டார். சம்பளம், விதிமுறை, மேலதிகாரி சரியில்லை என்றால் மனம் கசக்கும். அவை சரியானால் கசப்பு போகும், அவ்வளவுதான். உற்சாகம் வருவது வேலையிலிருந்தே: ஒன்றைச் செய்து முடித்தோம், அதை ஒருவர் கவனித்தார், பொறுப்பு நம் கையில் இருந்தது என்பதிலிருந்து. இதை வைத்து மற்ற எல்லாத் துறைக்கும் நாங்கள் திட்டம் போட்டுக் கொடுக்கிறோம். எங்கள் துறைக்குப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அந்த ஆயாம்மாவிடமே பார்த்தேன். ஆதாரில் அவர் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பி.எஃப். கணக்கில் வெறும் இன்ஷியல். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு. மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க முடியவில்லை. பெயரைத் திருத்த, அவரும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் எழுதி, அது திரும்பி வந்து, மறுபடி எழுதி அனுப்பிப் பணம் வந்த அன்று, இரவு வீட்டுக்குப் போன பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான். கல்யாணம் முடிந்து ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தார். இன்னமும் ‘மேடம்’தான். ஆனால் முறுக்கு வந்தது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று ஆறு பேர் மாதம் ஒரு நாள் காபி குடிக்கச் சந்திக்கிறோம். யார் பெயரையும் சொல்லாமல் புலம்பலாம். அந்தத் தங்கையையும் அடுத்த முறை கூட்டிப்போவேன். அது ஆறுதல் தரும், உண்மைதான். ஆனால் ஐந்து மணி அறிவிப்பை அது மாற்றாது.

லஸ்கரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: எப்படித்தான் இந்த வேலையில் இருக்கிறீர்கள்? “சில வருடம் பொறியாளர் முன்னாடியே கூப்பிட்டு, எத்தனை நாள் முறை, ஏன் என்று சொல்லிவிடுவார். திட்டுபவர்களுக்கு நான் பதில் சொல்வேன், தலை நிமிர்ந்து கரையில் நடப்பேன். சொல்லாத வருடம் போனை அணைத்துவிட்டுத் தென்னந்தோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன்” என்றார்.

போன தீபாவளிக்கு நான் போனை அணைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மருந்தறைக்குப் பக்கத்து அறையில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்கிழமை நிர்வாகியைப் பார்க்கப் போகிறேன். இந்த வருட போனஸ் பேச்சு நடக்கும்போது அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும், கணக்கை என்னிடமும் காட்ட வேண்டும் என்று கேட்பேன். தொகையை முடிவு செய்யும் உரிமையைக் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்பதை அடுத்த பதிவில் சொல்கிறேன்.