முதலில் காது கொடுக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

"உள்ளூர்க் காவலருக்கு முதல் தகுதி உடல்திறனா, காது கொடுத்துக் கேட்கும் குணமா?" இதுதான் தலைப்பு. ஓடத் தெரியாதவர் திருடனை எப்படிப் பிடிப்பார் என்று எதிரணித் தலைவர் கேட்டார். 1948 ஜூன் 16-இல் நம் ஊர்ப்பக்க ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்ததையும் நினைவூட்டினார். சரி, அந்தக் காலத்துக்குத் துப்பாக்கி பிடித்த கை தேவைப்பட்டது. ஆனால் இன்று பாலாய் என்கிற போலீஸ் நிலையத்தின் கவுண்டருக்கு யார் வருகிறார்கள்?

மோட்டார் சைக்கிளில் வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு பாட்டி வருகிறார். கழுத்துக் கீறல் இன்னும் எரிகிறது. காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். நடந்ததைக் கோர்வையாகச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. திருடன் எப்போதோ பறந்துவிட்டான். கான்ஸ்டபிளின் ஓட்டத்தால் பாட்டிக்கு இப்போது என்ன லாபம்? "மாக்சிக், டுடோக் டுலு", அதாவது "அம்மா, முதலில் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, வண்டி என்ன நிறம், எந்தப் பக்கம் திரும்பியது, பின்னால் ஆள் இருந்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் அந்த வழக்குக்கே உயிர் வரும்.

இது தயவு இல்லை, சட்டம். வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொள்ள வேண்டும், சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது நம் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு. கையெழுத்தெல்லாம் அப்புறம்தான். பாட்டிக்குப் புரியாத மலாயில் மளமளவென்று படித்துவிட்டால் அது வாசித்துக் காட்டியதாகுமா, நடுவர் அவர்களே? அவர் சிவப்பு வண்டி என்றது கறுப்பு வண்டி என்று பதிவாகி, நாளை கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு? தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னால் தீர்ந்தது.

நாட்டில் எங்கே குற்றம் நடந்தாலும் புகாரை வாங்குவது எந்தக் காவலருக்கும் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. "இது எங்க ஏரியா இல்லை" என்ற பேச்சுக்கு இடமே கிடையாது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவரை இன்னொரு பாலாய்க்கு விரட்டினால் அவர் அங்கே போகமாட்டார், வீட்டுக்குத்தான் போவார். முகம் வீங்கிப்போய் வந்து நிற்கும் பெண்ணிடம் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோ" என்றால்? குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. அவள் திரும்பிப் போவது அடித்தவன் இருக்கும் வீட்டுக்கு. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உடல்திறன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் வேலைக்கு எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ், உயரம், எடை எல்லாம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஓட்டமும் அணிவகுப்பும் புலாபோல் என்ற போலீஸ் பயிற்சி மையத்தில் பழக்கிவிடுவார்கள். ஆனால் 1967 போலீஸ் சட்டம் சொல்லும் கடமைகளைப் பாருங்கள்: குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, குற்றவாளியைக் கைது செய்வது, பாதுகாப்புத் தகவல் திரட்டுவது. தகவல் இல்லாமல் இதில் எது நடக்கும்? எந்த வீட்டுக்கு ராத்திரியில் புது வண்டி வந்து போகிறது என்பது தாமானுக்கே, அந்தக் குடியிருப்புக்கே தெரியும். கவுண்டரில் ஒரு தடவை அதட்டு வாங்கியவர் அதைப் போய்ச் சொல்வாரா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.