ஈயக்குண்டு, சிகரட், மஞ்சள்: ஆண்கள் கேட்க வேண்டிய கதை

வணக்கம் மக்கள், திருகோணமலையில் இருந்து கதைக்கிறேன். பின்னால் தெரிவது திருக்கடலூர்க் கரை, காற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லை என்றதும் மனைவியை மட்டும் கிளினிக்குக்கு அனுப்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குறை ஆணிடமும் இருக்கலாம். அதற்கு ஒரு காரணம், உடம்புக்குள் போகும் உலோகம்.

வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற அண்ணன்மாரே, ஈயம் 327 பாகையில் உருகும். அதை வளவுக்குள் வைத்து உருக்கினால் புகையும் தூசும் மூக்கால் போகும், உடுப்பில் ஒட்டிப் பிள்ளைகள் படுக்கிற அறை வரைக்கும் வரும். பழைய பேட்டரி உடைக்கிறவர்களுக்கும் இதே கதைதான். சிகரட்டில் இருப்பது கட்மியம் என்ற நச்சு உலோகம். புகையிலைச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது. சிறுநீரகத்தில் புகுந்தால் பத்து இருபது வருடம் கிளம்பாது.

விந்தணுவின் மேற்சவ்வில் சீக்கிரம் கெட்டுப்போகிற கொழுப்பு நிறைய உண்டு. உலோகத்தால் உடம்பில் பெருகும், கண்டதையும் தாக்குகிற ஆக்சிசன் கூறுகள் அந்தக் கொழுப்பைத் தாக்கும். பழுதைத் திருத்த அந்தச் சின்ன உடம்பில் வசதி குறைவு. நீந்தும் வேகம் விழும், டீஎன்ஏயும் உடையும்.

சரி, இந்தத் தாக்குதலைத் தடுக்கிற சத்து உண்டென்று சொல்லப்படும் நெல்லிக்காயும் முருங்கை இலை வறையும் காப்பாற்றுமா? எலி என்றால் நல்ல பதில் உண்டு. கட்மியம் ஆண் எலியின் விந்து உருவாகும் உறுப்பான விதையைச் சிதைப்பதையும், துத்தநாகம் (சிங்க்) அதைத் தடுப்பதையும் பாரிசெக் என்ற ஆய்வாளர் 1957இலேயே காட்டினார். பிறகு விட்டமின் ஈ, மஞ்சளின் குர்குமின் எல்லாம் எலிகளில் நல்ல பேர் எடுத்தன. மனிதரில்தான் இடிக்கிறது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2370 தம்பதிகள். ஆண்களுக்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தும் பிள்ளைப்பேறு கூடவில்லை. அவர்கள் ஈயத்தோடு வேலை செய்தவர்கள் என்று தெரிந்தெடுக்கப்படவில்லை, உண்மைதான். ஆனாலும் பாமசியில் விலைகூடிய குளிசை வாங்க என் கை நீளாது. வறையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதனால் நட்டமில்லை.

மஞ்சளில் மட்டும் கவனம். பங்களாதேஷில் நிறம் ஏற்றுவதற்காகக் கிழங்கையே ஈயக் குரோமேற்று என்ற, ஈயம் உள்ள மஞ்சள் சாயப் பொடியில் புரட்டி விற்றது பிடிபட்டது. மருந்தென்று தின்பதிலேயே ஈயம்!

அப்புறம், ஈயம் வார்ப்பவர்கள் இரத்தத்தில் ஈய அளவு பார்க்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். உருக்குவதை வீட்டுக்கு வெளியே, காற்றுப் போகிற இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். அதனால் சிகரட்டை விட்ட கையோடு விந்துப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள், மூன்று மாதம் கழித்துப் போங்கள்.