மரக்கானாவில் அடங்கிய சத்தம்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் நூலக மாடிவரை ஏறி வந்திருக்கிறீர்கள், நன்றி.

"விளையாட்டு வரலாற்றின் மாபெரும் அதிர்ச்சிகள்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். பட்டியல் போட்டால் ராத்திரி ஆகிவிடும். 1980இல் ஐஸ் ஹாக்கியில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் தோற்கடித்தது, 1990இல் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் டக்ளஸ், சாம்பியன் டைசனைக் கீழே தள்ளியது, இப்படி வரிசையாகச் சொல்லலாம். 1983 லார்ட்ஸைச் சொல்லவே வேண்டாம். 183 ரன் எடுத்துவிட்டு வெஸ்ட் இண்டீஸை 140க்குச் சுருட்டிய கதையை நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் ஜெயித்தவன் பக்கம் நின்று சொல்லும் கதை. இன்றைக்குத் தோற்றவன் பக்கம் போய் உட்காரலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் ரியோ டி ஜெனீரோ. மைதானம் மரக்கானா. நம்ம மரக்காணம் இல்லை, அங்கே உப்பளம்தான் இருக்கிறது. தேதி 1950 ஜூலை 16. உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டம், பிரேசிலுக்கும் உருகுவேக்கும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்தக் கோப்பையில் ஆட இந்தியாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றதால் போகவில்லை என்று ஒரு கதை ஓடுகிறது. நம் அதிகாரிகளுக்கு ஒலிம்பிக் மட்டுமே பெரிதாகத் தெரிந்தது என்பதுதான் உண்மைக்குக் கிட்டே வரும்.

சரி, ரியோவுக்கு வருவோம். அந்த வருஷம் வழக்கமான இறுதிப் போட்டி கிடையாது. நாலு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஆட வேண்டும், புள்ளி அதிகம் எடுப்பவருக்குக் கோப்பை. பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 டிரா, ஸ்வீடனோடு தட்டுத்தடுமாறி 3-2. ஆக, கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு ஒரு டிரா போதும்.

அன்று காலையிலேயே ஒரு பத்திரிகை பிரேசில் அணியின் படத்தைப் போட்டு, "இவர்கள்தான் உலக சாம்பியன்கள்" என்று அச்சடித்துவிட்டது. உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா அந்தப் பத்திரிகையை அள்ளிக்கொண்டு வந்து, ஓட்டல் குளியலறைத் தரையில் பரப்பி, "வாங்கடா, இதன் மேல் மூத்திரம் போங்கள்" என்றாராம். ரியோ மேயர் ஆட்டத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் வாழ்த்துரை வாசித்து முடித்துவிட்டார். உலகக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் ஜூல் ரிமே, கோப்பை கொடுக்கும்போது பேசப் போர்த்துகீசிய மொழியில் உரை எழுதிப் பையில் வைத்திருந்தார். பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே வெற்றிலைத் தட்டை நீட்டிய மாதிரி.

இத்தனைக்கும் உருகுவே ஒன்றும் சோப்ளாங்கி அணி இல்லை. 1930இல் முதல் உலகக் கோப்பையை வென்றவர்கள். அந்த 1950 மே மாதம்கூட இதே பிரேசிலை ஒரு முறை 4-3 என்று ஜெயித்திருந்தார்கள். அதே உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. கோல் போட்ட ஜோ கேட்ஜென்ஸ் நியூயார்க் ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர். பலத்தை மட்டும் பார்த்தால் அதுதான் பெரிய அதிர்ச்சி. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். மரக்கானாவில் காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். அத்தனை பேரும் முடிவைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். எத்தனை பேர் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதை வைத்துத்தான் அதிர்ச்சியை அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

மைதானத்துக்குள் நுழைகிற சுரங்க வழியில் வரேலா தன் ஆட்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் உருகுவேயில் இன்றைக்கும் பழமொழி மாதிரி. "வெளியே இருப்பவனெல்லாம் மரக்கட்டை." மேலே பார்க்காதீர்கள், உள்ளே பதினோரு பேர்தான் என்று அர்த்தம்.

முதல் பாதி 0-0. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டே நிமிஷத்தில் பிரேசிலின் ஃபிரியாசா கோல் போட்டார். அரங்கம் கொந்தளித்தது. அப்போது வரேலா செய்த வேலையைப் பாருங்கள். வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக நடந்து போய், ஆஃப்சைடு, அதாவது விதிப்படி நிற்கக் கூடாத இடத்தில் நின்று போட்ட கோல், செல்லாது என்று நடுவரோடு வாதாட ஆரம்பித்தார். நடுவர் ஆங்கிலேயர், இவருக்கோ இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். கோல் செல்லும் என்று அவருக்கே தெரியும். கொண்டாட்டச் சூடு ஆறட்டும் என்று நேரம் கடத்தினார். கூட்டம் கத்தலை விட்டுவிட்டு அவரைத் திட்ட ஆரம்பித்தது. அது போதும் அவருக்கு.

66வது நிமிஷம். உருகுவேயின் வலது ஓரத்தில் கிஜ்ஜா ஓடுகிறார். காவலுக்கு நின்ற பிகோடேயைத் தாண்டி, பந்தை உள்ளே ஸ்கியாஃபினோவுக்குத் தள்ளினார். கோல். 1-1. அப்போதும் கோப்பை பிரேசிலுக்குத்தான்.

79வது நிமிஷம். அதே ஓரம், அதே கிஜ்ஜா, அதே பிகோடே பின்தங்குகிறார். கோல்கீப்பர் மோசிர் பார்போசா என்ன நினைப்பார்? போன தடவை மாதிரி உள்ளேதான் தள்ளுவான் என்று. அதைப் பிடிக்க, கம்பத்தை விட்டு ஒரு எட்டு முன்னால் நகர்ந்தார். கம்பத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சந்து. கிஜ்ஜா அந்தச் சந்தில் அடித்துவிட்டார். பார்போசா பாய்ந்து விழுந்தார். பந்தைத் தட்டிவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார். கூட்டத்தின் சத்தம் நின்றுபோனதை வைத்துத்தான் கோல் என்று அவருக்குத் தெரிந்தது.

நான் பள்ளிக்கூட அணியில் கோல்கீப்பராக இருந்தவன். அந்த ஒரு எட்டு எனக்குத் தெரியும். அதை எடுத்து வைக்காமல் நின்றிருந்தால், பந்து உள்ளே போயிருக்கும், "மரம் மாதிரி நின்னான்" என்றிருப்பார்கள். பக்கத்து ஊர் அணியோடு ஆடியபோது நானும் இதே மாதிரி கம்பத்துப் பக்கம் ஒரு கோல் விட்டேன். பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதற்கே டீக்கடையில் ஒரு மாசம், "என்ன தம்பி, கையில எண்ணெயா?" என்று கேட்டார்கள்.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. டிராவாக இருந்தபோது கீழே இறங்கிய ரிமே, மைதானத்துக்கு வந்து பார்த்தால் மரண அமைதி. மரியாதை அணிவகுப்பு இல்லை, தேசிய கீதம் இல்லை. எழுதி வைத்த உரையைப் பையிலேயே விட்டுவிட்டு, நெரிசலுக்குள் வரேலாவைத் தேடிப் பிடித்துக் கோப்பையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பிரேசில் அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையையே ராசியில்லை என்று ஒதுக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் மஞ்சள் சட்டை அப்புறம் ஒரு பத்திரிகைப் போட்டியில் வந்தது. வரைந்த பத்தொன்பது வயதுப் பையன் உருகுவே எல்லைப் பக்கத்துக்காரன், மனசுக்குள் உருகுவே ரசிகன்!

சட்டையை மாற்றிவிடலாம். பார்போசாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? பழி அவர் மேலும் பிகோடே மேலும் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜுவனால் மேலும் விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர். கறுப்பன் கோல்கீப்பராக நிற்கக் கூடாது என்கிற பேச்சு பிரேசிலில் பல வருஷம் ஓடியது. இருபது வருஷம் கழித்து ஒரு கடையில் ஒரு அம்மா அவரைக் காட்டித் தன் பையனிடம், "பாருடா, பிரேசிலையே அழ வைத்த ஆள் இவர்தான்" என்றாளாம். 1993இல் தேசிய அணி பயிற்சி செய்கிற இடத்துக்குப் பார்க்கப் போனபோது, அபசகுனம் என்று உள்ளே விடவில்லை. "இந்த நாட்டில் அதிகபட்ச தண்டனை முப்பது வருஷம். நான் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, 2000 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார்.

ஜெயித்த வரேலா அன்று ராத்திரி என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொண்டாட்டத்துக்கு அவருக்கு மனசு வரவில்லை. ரியோவில் ஒரு மதுக்கடைக்குள் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ அவரை அடையாளம் சொல்லிவிட, பெரிய உருவம் ஒன்று எழுந்து கிட்டே வந்தது. செத்தோம் என்றுதான் நினைத்தாராம். வந்த ஆள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, எங்களோடு ஒரு வாய் குடிக்கிறீர்களா என்று கேட்டான். வரேலா விடியும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.